வெள்ளையன் விட்ட மூன்றாவது அடி

போன மாதம் ஒரு பெண்பிள்ளை எனக்குக் கைப்பேசியில் ஒரு கட்டுரை அனுப்பியிருந்தாள். இப்போது தொலைக்காட்சியில் நாடகம் தயாரிக்கிறவள், என் பேத்தி வயது. நாற்பது வருடத்துக்கு முன்னால் நான் எழுதித் தயாரித்த 'எட்டாம் நம்பர் காம்பரா' என்ற ஒரு மணி நேர நாடகத்தை, யாரோ வீட்டில் பதிந்து வைத்திருந்த பழைய நாடாவில் பார்த்திருக்கிறாள். அதில் ஒரு மனிதர் தப்பு என்ற பறையை அடிக்கிறார். கை தோலில் விழுவது தெரிகிறது. ஆனால் காதில் கேட்பது வயலின். "சத்தம் பறிக்கப்பட்ட ஒரு சமூகத்தை இதைவிட நுட்பமாகக் காட்ட முடியாது. துணிச்சலான உத்தி" என்று எழுதிவிட்டு, "ஐயா, இந்த யோசனை உங்களுக்கு எப்படி வந்தது?" என்று கேட்டிருந்தாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கைப்பேசியை மேசையில் வைத்த வேகத்துக்கு அதன் கண்ணாடி கீறிவிட்டது. பிள்ளை மேல் கோபமில்லை. பார்த்ததை வைத்து நல்லதாகவே நினைத்திருக்கிறாள். ஆனால் உத்தி என்று சொன்னாளே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு பெரிய மனிதர் சத்தத்தை வெட்டி எறிந்தார், நான் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். நடந்தது அவ்வளவுதான். அந்தக் கையெழுத்தால் இலங்கை மலையகத்தில், கொஸ்லந்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஒரு மனிதர் தலைநிமிர்ந்து நடக்க முடியாமல் போனார். அதை இனியும் வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்தால் நான் மனிதனே இல்லை என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

நான் அந்தத் தோட்டத்தில் பிறந்தவன். தோட்டத்தின் பெயர் வேண்டாம், என் சொந்தக்காரர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். பதுளையில் விடுதியில் தங்கிப் படித்து, அறுபதுகளின் நடுவில் எங்கள் தோட்டத்துப் பாடசாலையிலேயே ஆசிரியராகச் சேர்ந்தேன். யார் இந்தியாவுக்குப் போவது, யார் இங்கே இருப்பது என்று இரண்டு நாடுகளும் எங்கள் தலைகளைப் பங்கு போட்டுக்கொண்ட காலம் அது. லயம் என்ற தொழிலாளர் வரிசை வீட்டில் ஒரே அறைக்குள், ஒரு காம்பராவுக்குள்ளேயே அண்ணனுக்கு ஒரு நாடு, தம்பிக்கு ஒரு நாடு. அதை வைத்து மாரியம்மன் திருவிழாவுக்கு ஒரு நாடகம் எழுதிப் போட்டேன். சனம் விடிய விடியப் பார்த்தது. அந்தத் தைரியத்தில் அடுத்த நாடகத்தை வானொலிக்கு அனுப்பினேன்.

அந்தக் கால வானொலி நாடகங்களில் தோட்டத்து ஆள் வருவது ஒரே ஒரு வேலைக்குத்தான். கொழும்பு வீடு ஒன்றில் தேத்தண்ணீர்க் கோப்பையை உடைக்க வேண்டும். உடைத்துவிட்டு, "தெரியாம நடந்துபோச்சுங்க சாமி" என்று இழுத்துப் பேச வேண்டும். உடனே ஒரு சிரிப்பொலி போடுவார்கள். எங்கள் பேச்சு என்றாலே சிரிப்பு. எங்களுக்குச் சாவு, காதல், வைராக்கியம் ஒன்றும் கிடையாது. நான் முதலில் அனுப்பியதைத் திருப்பி அனுப்பியவர்கள், "பாத்திரங்கள் நல்ல தமிழ் பேசினால் பரிசீலிக்கலாம்" என்று எழுதியிருந்தார்கள். என் அம்மா பேசியது நல்ல தமிழ் இல்லையாம். விடாமல் எழுதினேன். ஆறாவது நாடகத்தை எடுத்துக்கொண்டார்கள். பிறகு என்னையும் எழுத்தாளனாக எடுத்துக்கொண்டார்கள். தொலைக்காட்சி வந்தபோது மூன்று மாதப் பயிற்சி ஒன்றுக்கு அனுப்பி, தற்காலிகத் தயாரிப்பாளர் என்று ஒரு பதவியும் கொடுத்தார்கள். தற்காலிகம் என்ற அந்த ஒரு சொல் என்னை என்னவெல்லாம் செய்ய வைத்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

தமிழ் நாடகப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவரைக் கனகநாயகம் என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் அது அல்ல. பொல்லாத மனிதர் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டால் எனக்கு வேலை மிச்சம், ஆனால் அது பொய். நேரம் தவறாதவர். ஒருவரிடமும் ஒரு கைக்குட்டைகூட வாங்காதவர். இளம் வயதில் மிருதங்கம் படித்தவர். இன்றைக்கு எனக்கு நாடகத்தில் ஏதாவது தெரியும் என்றால் அதில் பாதி அவரிடம் படித்தது.

தொலைக்காட்சிப் பிரதியில் தாளின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு இருக்கும். இடது பக்கம் கண்ணுக்குத் தெரிவது, வலது பக்கம் காதுக்குக் கேட்பது. கனகநாயகம் வலது பக்கத்தைத்தான் முதலில் கேட்பார். கண்ணை மூடிக்கொண்டு, "வாசியும்" என்பார். நான் வாசிக்க வாசிக்க ஒரு கையில் நிறுத்துக் கடிகாரம் ஓடும், மற்றக் கை விரல்கள் மேசையில் தாளம் போடும். தாளம் நின்றால் நானும் நிறுத்திவிடுவேன். "உதில மூண்டு செக்கன் கூட நிக்குது, கேட்டீரோ?" என்று கண்ணைத் திறக்காமலே சொல்வார். எல்லாம் சரியென்றால் ஒவ்வொரு தாளின் அடியிலும் பச்சை மையில் சுருக்கெழுத்து. அது விழுந்த பிறகு ஒரு சொல்லை நான் மாற்ற முடியாது. நாடகம் முடிந்ததும் ஒளிபரப்பு அனுமதித் தாள் வரும். அதில் தயாரிப்பாளரும் பொறுப்பாளரும் இருவருமே கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் போடாவிட்டாலும் நாடகம் வெளியே போகாது. இதுதான் முறை, நான் இருந்த வரைக்கும் மாறவில்லை.

முதல் இரண்டு வருடம் தோட்டத்து நாடகங்களை நான் கலையகத்துக்குள்ளேயே எடுக்க வேண்டியிருந்தது. தேயிலைச் செடிக்குப் பதிலாகக் குரோட்டன் தொட்டிகளை வரிசையாக வைத்தார்கள். கொழுந்து பறிக்க வந்த நடிகை நகப்பூச்சோடு, காலில் செருப்போடு, ஒரு கிளையையே முறித்துக் கூடையில் போட்டாள். நான் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றேன். ஒளிபரப்பான மறுநாளே பண்டாரவளையிலிருந்து என் அக்கா புருஷன் கடிதம் போட்டிருந்தார். "மாப்ளே, ஒங்க தோட்டத்துல வேல சுளுவு போல, எனக்கும் பேர் பதிஞ்சு குடுங்க" என்று. அந்தக் கடிதத்தைக் கனகநாயகத்திடம் நீட்டி, வெளிப்புற ஒளிப்பதிவு வண்டி கேட்டேன். இருந்தது ஒரே வண்டி. அதுவும் விளையாட்டுப் போட்டிக்கும் மந்திரி நாடா வெட்டுவதற்கும் ஓடும் வண்டி. ஏழு மாதம் நச்சரித்து மூன்று நாளுக்கு வாங்கினேன். அதைக்கொண்டு எடுத்ததுதான் 'எட்டாம் நம்பர் காம்பரா'.

கதை சின்னது. ஒரு பெண் மறுநாள் காலை ரயிலில், எங்கள் பேச்சில் கோச்சியில், தலைமன்னாருக்குப் போக வேண்டும், அங்கிருந்து இந்தியாவுக்குக் கப்பல். கடவுச்சீட்டு, பெட்டி எல்லாம் தயார். அன்று அவள் அப்பன் செத்துப்போகிறான். அப்பனை எடுத்துவிட்டுப் போவதா, கோச்சியைப் பிடிப்பதா? சாவைச் சொல்லும் இடத்தில் நான் ஒரு வசனமும் எழுதவில்லை. இடது பத்தியில், கொழுந்து நிரையிலிருந்து பெண்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்து, கூடையோடு இறங்கி வருகிறார்கள். வலது பத்தியில் 'தப்பு' என்ற ஒரு சொல், தொண்ணூறு செக்கன். கனகநாயகம் கண்ணை மூடிக் கேட்டார், தாளம் போட்டார், பச்சை மையில் சுருக்கெழுத்துப் போட்டார். இதை மறந்துவிடாதீர்கள்.

எங்கள் தோட்டத்தில் தப்பு என்பது வாத்தியம் மட்டுமல்ல, அறிவித்தல் பலகையும் அதுதான். காலையில் வேலைக்கு ஆள் சேரும் பெரட்டுக்குக் கூப்பிட ஓர் அடி. கலியாணத்துக்கு ஓர் அடி. சாமி புறப்பட ஓர் அடி. சாவுக்கு ஓர் அடி. மலையில் எந்த மூலையில் நின்றாலும் சனம் அடியைக் கேட்டே விசயத்தைத் தெரிந்துகொள்ளும். தப்பு அடிப்பவர் வெள்ளையன். பகலில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் தொழிலாளி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், எங்கள் லயத்துக்குப் பின் லயம். சின்ன வயதில் என்னை வாடா போடா என்றவர், கமராவையும் வண்டியையும் பார்த்ததும் நீங்க என்று மாறிவிட்டார். அது எனக்கு அன்றைக்கே சுட்டது.

கனகநாயகம் தானும் வருகிறேன் என்று இரண்டாம் நாள் வந்து இறங்கினார். குளிருக்குக் கோட்டும் கழுத்தில் மப்ளரும். மூன்றாம் நாள் காலை சாவுத் தப்பை எடுப்பது என்று முடிவாகியிருந்தது. அதற்கு முந்தின நாள் பின்னேரமே நான் வெள்ளையனிடம் போய்ச் சொன்னேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"பெரட்டு அடி கேளுங்க, அடிக்கிறேன். கலியாண அடி கேளுங்க, ராப்பகலா அடிக்கிறேன். இது மட்டும் ஆகாது தம்பி. பொணம் இல்லாம சாவு அடி அடிக்கக் கூடாது. எங்கப்பன் அடிச்சதில்ல."

"நாடகந்தானே அண்ணே."

"நாடகம்னு ஒங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அந்த மலையில நிக்கிறவளுக்கு எப்புடித் தெரியும்?"

நான் தோட்டத்தில் பிறந்தவன், அவர் சொன்னது நியாயம் என்று எனக்குத் தெரியும். கனகநாயகத்திடம் போய், வெள்ளையனைக் கொழும்புக்குக் கூட்டிப்போய்க் கதவடைத்த கலையகத்துக்குள் அடிக்க வைக்கலாம், இங்கே பெண்கள் இறங்குவதை மட்டும் எடுப்போம் என்றேன். "அந்தாளின்ர கை, பின்னால மலை, ரெண்டும் ஒண்டாத் தெரியவேணும். அதுக்குத்தானே வண்டி கேட்டனீர்" என்றார். நான் கேட்ட வண்டியை வைத்தே என் வாயை அடைத்துவிட்டார்.

மறுபடி வெள்ளையனிடம் போனேன். அவர் பெண்சாதி பேச்சி எனக்குத் தேத்தண்ணி கொடுத்தார்.  பிறகு வெள்ளையன் தானாகவே ஒரு வழி சொன்னார். சாவு அடி, நிறுத்தி நிறுத்தி அடிக்கும் மூன்று அடியோடு தொடங்கும். அந்த மூன்றில் கடைசி அடியை அவர் விட்டுவிடுவார். அப்படி விட்டால் அது யாருக்காகவும் அடித்தது அல்ல என்று மலையில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். தப்புப் பழகுகிற காலத்தில் அவர் அப்பாவும் அப்படித்தான் விட்டு அடிக்கச் சொல்லிக் கொடுத்தாராம். "தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். தெரியாத கொழும்புக்காரங்களுக்கு எப்புடி அடிச்சா என்ன?" என்று சிரித்தார். எனக்குப் பெரிய பாரம் இறங்கியது.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். வெயில் நன்றாக விழுந்திருந்தது. வெள்ளையன் லயத்து முற்றத்தில் நெருப்பு மூட்டித் தப்பைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு நின்றார். பின்னால் மேக்கணக்கு, அதாவது தோட்டத்தின் மேல் பிரிவு. அங்கே நிரை நிரையாகப் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். கமரா ஓடியது. வெள்ளையன் இரண்டு அடி அடித்து, மூன்றாவதை விட்டு, தொடர்ந்தார். மேலே பெண்கள் நிமிர்ந்தார்கள். ஒரு கணம் காது கொடுத்தார்கள். பிறகு குனிந்து கொழுந்தெடுக்கத் தொடங்கிவிட்டார்கள். அவ்வளவு தூரத்தில் ஒரே ஓர் அடி குறைந்ததை முப்பது பெண்கள் கேட்டுவிட்டார்கள் என்று எனக்கு அப்படியொரு பெருமை.

"நிப்பாட்டும்" என்றார் கனகநாயகம். கண்ணை மூடியிருந்தார். "தாளம் உதைக்குது. மூண்டாவது அடியைக் காணேல்லை. கை மேல போகுது, கீழ வரேல்லை. பாக்கிற ஆக்களுக்குப் பிழையெண்டு தெரியும். முழுசா அடிக்கச் சொல்லும்."

நான் அவரைத் தனியே கூப்பிட்டு விசயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு கையைத் திருப்பி மணி பார்த்தார். "தம்பி, வண்டி ரெண்டு மணிக்கு வெளிக்கிட வேணும். உந்தச் சடங்குகளைப் பாத்துக்கொண்டிருந்தா ஒரு நாடகமும் எடுக்கேலாது. நீர் சொன்னா அவன் அடிப்பான். சொல்லும்."

நீர் சொன்னால் அவன் அடிப்பான். உண்மைதான், அதுதான் என் வயிற்றெரிச்சல். மேலே பெண்கள் இது வெறும் அடி என்று ஏற்கெனவே புரிந்துகொண்டுவிட்டார்கள், இனி முழுதாக அடித்தாலும் ஏமாற மாட்டார்கள் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெள்ளையன் முன்னால் போய் நின்று, "ஒரே ஒரு தடவ அண்ணே. முழுசா அடிங்க. எனக்காக" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல், தப்பை மறுபடி நெருப்பில் காட்டினார்.

முழுதாக அடித்தார். மூன்றாவது அடி விழுந்ததுதான் தாமதம், மேலே நிரை கலைந்தது. முன்னே விட்டு அடித்தது, அடிக்கிறவர் கை நடுங்கி விட்டது என்று நினைத்துக்கொண்டார்களோ என்னவோ. கூடையோடு இறங்கினார்கள். எல்லாருக்கும் முன்னால் குறுக்குப் பாதையில் ஒருத்தி உருண்டு விழாத குறையாக ஓடி வந்தாள். தலை அவிழ்ந்து, மாரில் அடித்துக்கொண்டு, "யப்பா" என்று ஒரே குரல். செல்லம்மா. மேக்கணக்கில் வாழ்க்கைப்பட்டவள். அவள் அப்பா மருதமுத்து இரண்டு மாதமாக நெஞ்சு நோயோடு இந்த லயத்தில் படுத்திருந்தார். அவர் படுத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். முதல் நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

நிறுத்தச் சொல்லி நான் கையைத் தூக்கினேன். கனகநாயகம் என் கையைப் பிடித்து இறக்கினார். "ஓடட்டும், ஓடட்டும்" என்று காதோடு சொன்னார். கமராக்காரர் ஒரு சிங்கள நண்பர். அவள் நடிக்க வந்தவள் என்று நினைத்து அவள் முகத்தை விடாமல் எடுத்தார். பிறகு விசயம் தெரிந்ததும் அந்த மனிதர் பகல் சோறு சாப்பிடவில்லை.

செல்லம்மா அப்பன் காம்பராவுக்குள் விழுந்து புரண்டு அழுதாள். மருதமுத்து பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தார். நான் வாசலில் நின்றேன். தப்பை அவரும் கேட்டிருக்கிறார். மகளைப் பார்த்துக் கேட்டார்:

"எனக்கா அடிச்சாங்க?"

அதற்கு மூன்றாம் நாள் மருதமுத்து இறந்துபோனார். நோய் முற்றியிருந்தது, எப்படியும் தாங்கியிருக்க மாட்டார் என்று தோட்டத்து டாக்டரய்யா சொன்னாராம். யார் கேட்டார்கள்? பத்து நாள் கழித்து வெள்ளையன் வேறொருவரைக் கொண்டு எழுதுவித்த கடிதம் என் மேசைக்கு வந்தது. சாவுக்கு அடிக்கத் தப்பை எடுத்துக்கொண்டு போனவரைத் தோட்டத் தலைவர் வாசலிலேயே நிறுத்தி, "ஒனக்கு இங்க வேல இல்ல. நீதான் ஏற்கெனவே அடிச்சிட்டியே" என்று சொல்லியிருக்கிறார். பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஆள் கூப்பிட்டு அடித்தார்களாம். பேச்சி பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனால் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகிவிடுகிறார்களாம். கடைசியில் இப்படி இருந்தது: 'படம் எப்போது வரும்? வந்தால் சனம் பார்த்து, இது படத்துக்கு அடித்தது என்று விளங்கிக்கொள்ளும். சீக்கிரம் போடச் சொல்லுங்கள் தம்பி.'

அந்தக் கடிதம் சட்டைப் பையில் இருக்கத்தான் தொகுப்பு அறைக்குப் போனேன். நாடகத்தை ஓட்டிக் காட்டினார்கள். வெள்ளையன் கை விழுகிறது. மலை தெரிகிறது. வயலின் அழுகிறது. நான் நாடா மாறிவிட்டது என்று நினைத்தேன்.

"நான்தான் போடச் சொன்னனான்" என்றார் கனகநாயகம். "இது வீட்டு விறாந்தையில இருந்து ஆக்கள் பாக்கிற பெட்டி. பக்கத்தில சாமி அறை இருக்கும். செத்த வீட்டு மேளத்தைக் கொண்டுபோய் அங்க வைக்கேலாது."

"நீங்கதானே சேர் முழுசா அடிக்கச் சொன்னீங்க. நீங்கதானே பச்சை மையில ஒப்பம் வச்சீங்க."

"அடிச்சதால கை சரியா விழுந்திருக்கு. படத்துக்கு அது போதும். சத்தம் வேற விசயம்."

 தாளம் உதைக்கிறது என்று சொல்லித்தானே அந்த மூன்றாவது அடியை அடிக்க வைத்தார். கேட்காமல் போகிற தாளத்துக்கா ஒரு மனிதனின் பெயரைப் பலி கொடுத்தோம்? விட்டு அடித்த முதல் தடவையிலேயே அந்த வயலினைப் போட்டிருந்தால் யாருக்கு என்ன குறைந்திருக்கும்? அதைக் கேட்டேன்.  செல்லம்மாவின் அழுகையையாவது எடுத்துவிடுங்கள், அது நடிப்பில்லை என்றேன். "உதுதான் நாடகத்திலயே திறமான இடம்" என்றார். தொடக்கத்தில் ஒரு வரி, இந்தத் தப்பு நாடகத்துக்காக அடிக்கப்பட்டது என்று எழுத்திலாவது போடுங்கள் என்று கெஞ்சினேன். நாடகத்தை நாடகம் என்று சொல்லித் திரிவது முட்டாள் வேலை என்றார்.

பிறகு அனுமதித் தாளை என் பக்கம் தள்ளினார். அவர் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. "நிரந்தரமாக்கிற பட்டியல் அடுத்த மாசம் போகுது. உம்முடைய பேரை நான்தான் போட்டிருக்கிறன். தோட்டத்திலயிருந்து இந்தக் கதிரைக்கு வந்த முதல் ஆள் நீர். குழப்பாதேயும்." மிரட்டவில்லை. உண்மையான அக்கறையோடு சொன்னார். அக்கறையோடு சொன்னதுதான் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. நான் போடாவிட்டால் நாடகம் வெளியே போகாது. எனக்கு மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள் என்று எத்தனையோ பேரிடம் சாக்குச் சொல்லியிருக்கிறேன். வெள்ளையனுக்கும்தான் பெண்சாதி இருந்தார். நான் கையெழுத்துப் போட்டேன்.

ஒளிபரப்பான அன்று பின்னேரம் தோட்டத்துக்குப் போனேன். தோட்டத்தில் இருந்த ஒரே தொலைக்காட்சி உத்தியோகத்தர் கிளப்பில் இருந்தது. தொழிலாளர் உள்ளே வரக் கூடாது. ஜன்னல்களைத் திறந்துவிட்டிருந்தார்கள், சனம் புல்லில் நின்று பார்த்தது. உள்ளே எனக்கு நாற்காலி போட்டார்கள். நான் போகவில்லை, வெளியே நின்றேன். வெள்ளையன் வெளுத்த வேட்டி கட்டி, பேச்சியோடு வந்து ஜன்னலுக்கு நேரே நின்றார். அவரைச் சுற்றி ஒரு கை அகலம் வெற்றிடம். இன்றைக்கு எல்லாம் சரியாகிவிடும் என்ற முகத்தோடு என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

அந்த இடம் வந்தது. கை விழுந்தது. வயலின் கேட்டது.  பின்னாலிருந்து ஒரு குரல், "வெள்ளையன் தப்புல பிடிலு வாசிக்கிறாரு" என்றது. சிரித்தார்கள். அடுத்து செல்லம்மாவின் முகம் பெட்டி நிறைய வந்ததும் சிரிப்பு நின்றது. கூட்டத்தில் செல்லம்மாவும் நின்றிருந்தாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு இறங்கிப் போனாள். அவள் பின்னால் ஒவ்வொருவராகப் போனார்கள். நாடகம் முடிவதற்குள் புல்லில் நாங்கள் மூன்று பேர்தான் நின்றோம்.

"என் அடிய எங்க தம்பி போட்டுட்டு வந்தீங்க?" என்றார் வெள்ளையன். கோபமே இல்லாமல் கேட்டார்.

எடுத்துவிட்டார்கள் என்றேன். என்னை மீறி நடந்தது என்றும் ஒரு பொய் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டார். லயத்துப் பாதையில் நடக்கும்போது சொன்னார்:

"அப்படின்னா ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க. அந்தாளுக்கு அடிக்கல, சும்மா அடிச்சதுன்னு. மொதல்ல ஒரு அடிய விட்டுத்தான் அடிச்சேன்னு. நீங்க கேட்டதாலதான் முழுசா அடிச்சேன்னு எழுதி, கீழ கையெழுத்துப் போட்டுக் குடுங்க. வெள்ளிக்கெழம கோயில்ல தலைவர வாசிக்கச் சொல்றேன். நீங்க படிச்சவரு, ஒங்க எழுத்துன்னா நம்புவாங்க."

ஐந்து வரிக் கடிதம். என் சட்டைப் பையில் பேனா இருந்தது. "ஆபீஸ்ல கேட்டுட்டு அனுப்புறேன் அண்ணே" என்றேன்.

கேட்டேன். நிலையத்தின் பேரில் ஒரு துண்டும் வெளியே போகக் கூடாது என்றார் கனகநாயகம். என் சொந்தத் தாளில், என் சொந்தப் பேரில் எழுத எவனிடமும் நான் அனுமதி கேட்கத் தேவையில்லை என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அது ஒரு குற்ற ஒப்புதலாக அவர் கண்ணில் பட்டால், பட்டியலில் இருந்து என் பெயர் போய்விடும் என்றும் தெரியும். அடுத்த மாதம் நிரந்தரமானேன். அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். வெள்ளையன் காம்பராவில் வேறு குடும்பம் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தது. எட்டு வருடமாக இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப் போட்டுவந்த இந்தியக் கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு இருவரும் போய்விட்டார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. தலைவர் என்னிடம் ஒன்று மட்டும் சொன்னார்: "ஒங்க கடுதாசி வரும்னு ரெண்டு வெள்ளிக்கெழம கோயில் வாசல்ல வந்து நின்னாரு."

அதற்குப் பிறகு எத்தனையோ நாடகம் எழுதினேன். பாராட்டு, சால்வை, பொன்னாடை எல்லாம் வந்தது. கனகநாயகம் நல்ல பெயரோடு போய்ச் சேர்ந்தார், இரங்கல் கூட்டத்தில் நானும் பேசினேன். போன வருடம் பண்டாரவளையில் ஒரு கலியாண வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து இலையில் இரண்டு பேர் பெண் பார்த்த கதை பேசினார்கள். வெள்ளையனின் தம்பி பேத்தி, ஆசிரியை வேலை பார்க்கிறாள். "பிள்ள நல்ல பிள்ளதான். ஆனா அது உசுரோட இருந்தவனுக்குச் சாவு அடிச்ச வீடு" என்றார் ஒருவர். அந்தப் பிள்ளை பிறப்பதற்கு எத்தனையோ வருடம் முன்னால் நான் செய்ததற்கு அவளை நிறுத்துப் பார்க்கிறார்கள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டு வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அந்த இலையை விட்டு எழுந்து சொல்லியிருக்க வேண்டும். இனிச் சொல்லாமல் இருக்கப் போவதில்லை. கீழே உள்ளதை எங்கள் தோட்டத்துக் கோயிலில் ஒரு வெள்ளிக்கிழமை யாராவது சத்தமாக வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தோட்டத்துப் பெரியவர்களுக்கும் எல்லாருக்கும். அன்று காலை வெள்ளையன் அடித்த சாவுத் தப்பு மருதமுத்துவுக்காக அடித்தது அல்ல, யாருக்காகவும் அடித்தது அல்ல. நாடகத்துக்காக அடித்தது. அவர் மாட்டேன் என்றார். பிறகு மூன்றாவது அடியை விட்டு அடித்தார். மேக்கணக்கில் நின்றவர்கள் அதைக் கேட்டுப் புரிந்துகொண்டார்கள். இரண்டாவது தடவை முழுதாக அடிக்கச் சொன்னது நான். மருதமுத்து படுத்திருக்கிறார் என்று தெரிந்துகொண்டே சொன்னேன். வெள்ளையன் மேலோ, அவர் வீட்டார் மேலோ ஒரு குற்றமும் இல்லை. இது என் கையெழுத்து.